மருதுவின் துண்டும் மகளின் பலகையும்

மருது முப்பது வருஷமாக மாட்டுத் தரகு பார்க்கிறார். அந்த முப்பது வருஷத்தில் ஒரு மாட்டின் விலையைக்கூட அவர் வாய்விட்டுச் சொன்னதில்லை. விலையெல்லாம் துண்டுக்குள்தான். விற்கிறவன் கையைத் தன் கையோடு சேர்த்து மேலே துண்டைப் போட்டு மூடிக்கொள்வார். “ஆயிரத்துல” என்று மட்டும் வாய் சொல்லும். எத்தனை ஆயிரம் என்பதை விரல் சொல்லும். ஒரு விரலைப் பிடித்தால் ஒன்று, இரண்டைப் பிடித்தால் இரண்டு, கையை மொத்தமாகப் பிடித்தால் ஐந்து. சுற்றி நூறு பேர் நின்று எட்டிப் பார்த்தாலும் ஒருத்தனுக்கும் ஒன்றும் விளங்காது. கொடுக்க மனசில்லாதவன் உள்ளே விரல்களை மடக்கிக்கொள்வான். மடக்கிவிட்டால் அதற்கு மேல் அவனை வற்புறுத்தக்கூடாது, அது சந்தை மரியாதை. பேரம் படிந்தால் கையை விட்டுவிட்டு, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொள்ள வேண்டும். உதறிய பிறகு பேச்சு மாறுகிறவனை அடுத்த சந்தையில் யாரும் சீண்டமாட்டார்கள்.

இப்பேர்ப்பட்ட மனிதருக்கு வந்து வாய்த்த ஒரே மகள், ஊர் முழுக்கப் படிக்கிற மாதிரி விலையைப் பலகையில் எழுதி வைக்கிறாள். கடவுளுக்கும் பொழுது போக வேண்டாமா?

மகள் பெயர் சரண்யாதேவி. வயது இருபத்தாறு. இரண்டு வயதில் வந்த போலியோ இடது காலைச் சூம்ப வைத்துவிட்டுப் போயிருந்தது. இரும்புப் பட்டை வைத்த ஷூ போட்டுத்தான் நடப்பாள். ஊனமுற்றோருக்குப் பூத் கொடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, அலங்காநல்லூருக்குப் பக்கத்தில் இருக்கிற தங்கள் காலனியிலிருந்து மதுரைக்கு அலையாக அலைந்து, தொண்ணூற்று ஏழில் சிம்மக்கல்லில் அவளுக்கு ஒரு எஸ்.டி.டி. பூத் வாங்கிக் கொடுத்தவர் மருதுதான். ஆனால் பலகை அவள் யோசனை. சுற்றிலும் மொத்த வியாபாரக் கடைகள். காலை ஆறு மணிக்கெல்லாம் மூன்று சக்கர சைக்கிளில் கடை கடையாகப் போய், வாழைத்தார், வெற்றிலை, சின்ன வெங்காயம், தக்காளி எல்லாம் அன்றைக்கு உண்மையில் என்ன விலைக்குப் போனது என்று விசாரித்து வந்து, பூத் வாசலில் கரும்பலகையில் எழுதுவாள். முதலில் போன் பேச வருகிறவர்களை இழுக்கத்தான் எழுதினாள். போகப் போக, பலகையைப் பார்க்கவே ஆள் வந்தது. அதற்கும் பிறகு, வர முடியாதவர்கள் ஊரிலிருந்து போன் போட்டுக் கேட்க ஆரம்பித்தார்கள்.

“வெலைய இப்படி அம்மணமா நிக்க வச்சா, அப்புறம் தரகன் எதுக்கு, யாவாரி எதுக்கு?” என்று மருது கேட்பார்.

“ரெண்டு பேரும் வேற வேலை பாக்கட்டும்ப்பா,” என்பாள் அவள், சாக்பீஸ் தூளை ஊதிக்கொண்டே. அவருக்குக் கோபம் வராது. அவள் விஷயத்தில் அவருக்குக் கோபம் வந்ததாகச் சரித்திரமே கிடையாது.

இரண்டாயிரத்து நான்காம் வருஷம் ஆடி மாசம், சர்வீஸ் கமிஷன் பரீட்சையில் தேறிய சரண்யாவுக்கு வேலை உத்தரவு வந்தது. தருமபுரிப் பக்கம் ஒரு தாலுகா ஆபீஸில் இளநிலை உதவியாளர். பதினைந்து நாளுக்குள் சேர வேண்டும்.

தாலுகா ஆபீஸ் என்ற இரண்டு வார்த்தையைக் கேட்டதும் மருதுவுக்குக் கண் கலங்கிவிட்டது. அவருடைய அப்பா பண்ணை வேலைக்காரர். ஒரு பட்டாக் காகிதத்துக்காகத் துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு தாலுகா ஆபீஸ் வாசலில் எத்தனையோ நாள் வெயிலில் நின்றவர். கூடவே நின்ற பையன் மருது. உள்ளே மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்திருந்தவர்கள் இவர்களைத் திரும்பிப் பார்க்கவே மத்தியானம் ஆகிவிடும். இனி அந்த மின்விசிறிக்குக் கீழே தன் மகள் உட்காரப்போகிறாள். இதைவிட ஒரு மனிதனுக்கு என்ன வேண்டும்?

“போறியா, தாயி?” என்று கேட்டார்.

“நீங்க சொன்னாச் சரிப்பா,” என்றாள் சரண்யா.

அவ்வளவுதான். மருது துண்டை உதறிவிட்டார். உள்ளூரில் ஒரு வீடு விடாமல் சொன்னார். அவர் மனைவி சுந்தரம்மாள் ஒரு படி சர்க்கரையைக் காலனி முழுக்கக் கை கையாக அள்ளிக் கொடுத்துத் தீர்த்தாள். மருது டவுனுக்குப் போய்ச் சக்கரம் வைத்த பெட்டி ஒன்று வாங்கினார். மாடு வாங்க வருகிற தருமபுரி ஆள் ஒருத்தரைப் பிடித்து, ஆபீஸுக்குப் பக்கத்திலேயே படி ஏறாத வீடாகப் பார்த்து அச்சாரமும் கொடுக்க வைத்தார். எல்லாம் நாலே நாளில்.

வாய் ‘சரி’ சொன்னதைக் கேட்டாரே தவிர, கை என்ன சொல்கிறது என்று அவர் பார்க்கவில்லை. சந்தைக்குப் புதிதாக வந்த தரகன்கூட இந்தத் தப்பைச் செய்யமாட்டான். பெற்றவர் செய்தார். சந்தோஷத்தில் மனிதனுக்குத் தொழில் மறந்துபோகிறது.

ஐந்தாம் நாள் சரண்யா உடல்தகுதிச் சான்றிதழ் வாங்கப் பெரியாஸ்பத்திரிக்குப் போக வேண்டியிருந்தது.

“நான் வர்ற வரைக்கும் பூத்துல இருங்கப்பா. போன் வந்தா பலகையில இருக்கிற வெலையச் சொன்னாப் போதும். மறக்காம வாய்விட்டுச் சொல்லுங்க,” என்று சிரித்துவிட்டு ஆட்டோவில் ஏறினாள்.

மருது அவளுடைய ஸ்டூலில் உட்கார்ந்தார். பக்கத்துக் கடை ராஜகுருவுடையது. நூலும் சாயப்பொடியும் விற்கிறவர். வீட்டில் சௌராஷ்ட்ரமும் கடையில் தமிழும் பேசுகிறவர். இரண்டிலும் நல்ல சேதி சொல்லமாட்டார் என்பது சிம்மக்கல்லில் பிரசித்தம். காலையில் பேப்பர் வந்ததும் வியாபாரப் பக்கத்தை எடுத்துக்கொண்டு பூத் வாசலுக்கு வந்து, சரண்யாவுக்கு உரக்கப் படித்துக் காட்டுவது அவருடைய வழக்கம்.

“வாங்க மருதண்ணே. இன்னைக்கு நீங்கதான் ஆபீசரா?” என்று நாற்காலியை இழுத்துப் போட்டார். “இதைக் கேளுங்க. செல்போன் ரேட்டை மறுபடியும் குறைக்கிறானாம். இனிமே கொத்தனார், சித்தாள் எல்லார் கையிலயும் போன்தான். எஸ்.டி.டி. பூத்துக்கெல்லாம் ரெண்டு வருசம். அம்புட்டுதான்.”

“அதான் எம்பொண்ணு கவர்மெண்டு வேலைக்குப் போகுதுல்ல,” என்றார் மருது பெருமையாக.

ராஜகுரு என்னவோ சொல்ல வந்து, பேப்பரை மடித்துக்கொண்டார். அதற்குள் போன் அடித்தது.

“நாட்டு வாழை தார் எம்புட்டு போகுது?” ஒரு ஆண் குரல்.

பலகை எதிரிலேயே இருந்தது. எண்பது என்று கொட்டை எழுத்தில் எழுதியிருந்தது. மருதுவுக்கு வாய் வரவில்லை. முப்பது வருஷப் பழக்கம் லேசில் விடுமா? “நேர்ல வாங்களேன், சொல்றேன்,” என்றார்.

“நேர்ல வர்றதுக்கு எதுக்குய்யா போன் பண்றேன்?”

ராஜகுரு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். மருது இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, ரிசீவரையும் வாயையும் சேர்த்துத் துண்டால் மூடிக்கொண்டு, “எம்பது,” என்று ரகசியமாகச் சொன்னார். சொல்லி முடிப்பதற்குள் நெற்றி வேர்த்துவிட்டது.

ஆனால் போன் அவரை விடுவதாக இல்லை. வைத்தால் அடித்தது, எடுத்தால் வெங்காயம் கேட்டது, தக்காளி கேட்டது. பத்தாவது போனுக்குத் துண்டு தோளுக்குப் போய்விட்டது. பலகையைப் பார்த்துப் பள்ளிக்கூடத்துப் பையன் வாய்ப்பாடு சொல்கிற மாதிரி சொல்ல ஆரம்பித்தார். ஊருக்குப் போன் பேச என்று ஒருத்தரும் பூத்துக்கு வரவில்லை என்பதையும் அவர் கவனித்தார். உள்ளே கண்ணாடிக் கூண்டு காலையிலிருந்து காலியாகவே கிடந்தது. எல்லாம் வெளியிலிருந்து வருகிற போன்.

பதினோரு மணிக்கு ஒரு பெண் குரல் வந்தது. “யாரு பேசுறது? சரண்யாப் பொண்ணு இல்லையா?”

“நான் அவ அப்பன் பேசுறேன். நீங்க யாரும்மா?”

“நான் சோழவந்தான் செல்லத்தாய்ண்ணே. முப்பது சென்ட்ல வெத்தலைக் கொடிக்கால் வச்சுக்கிட்டு ஒத்தையில கெடந்து மாரடிக்கிறேன். உங்க பொண்ணு வெல சொன்னாத்தான் எலை கிள்ளுவேன். அது இன்னைக்கு வேணாம்னா வேணாம், நாளைக்கின்னா நாளைக்கு. எப்ப வரும்?”

மருது ஒரு கவுளி வெற்றிலை என்ன விலை என்று சொன்னார். பிறகு, சொல்லாமல் இருக்க முடியாமல், “பொண்ணு கவர்மெண்டு உத்தியோகத்துக்குப் போகுதும்மா. தருமபுரிக்கு. அடுத்த வாரம்,” என்றார்.

லைன் அறுந்துவிட்டதோ என்று ரிசீவரை ஒரு முறை பார்த்தார்.

“நல்லா இருக்கட்டும்ணே,” என்றாள் செல்லத்தாய் கடைசியில். “மகராசி, நல்லா இருக்கட்டும். நாங்க இனிமே யாருகிட்டக் கேக்குறதுன்னு ஒரு நிமிசம் யோசிச்சிட்டேன், வேற ஒண்ணுமில்ல. முன்னாடியெல்லாம் யாவாரி சொல்றதுதான் வெல. மூடி வச்ச வெலையில எம்புட்டோ ஏமாந்துட்டோம். ஆமா, நீங்க மாட்டுத் தரகுதானே? உங்களைப் பத்தி நெறையச் சொல்லும். எங்கப்பா மாதிரி கையைத் தொட்டதும் மனசுல உள்ளதைச் சொல்ற ஆளு இந்தச் சுத்துப்பட்டுலயே கெடையாது அக்கான்னு சொல்லும்.”

மருது ரிசீவரை வைத்தார். மூடி வைத்த விலை என்று அந்த அம்மா சொன்னது சுருக்கென்று தைத்தது உண்மைதான். ஆனால் அதையும் தாண்டி ஒன்று தைத்தது. கையைத் தொட்டதும் மனசைச் சொல்கிறவராம். தொட்டாரா?

“ராஜகுரு,” என்று கூப்பிட்டார். “நீங்க காலையில என்னமோ சொல்ல வந்து மென்னு முழுங்குனீங்க. என்ன அது?”

ராஜகுரு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “நான் சொன்னதா அதுகிட்டச் சொல்லாதீங்க. பூத்துக்கு ரெண்டு வருசந்தான்னு நான் போன மாசமே சொன்னேன். சிரிச்சிச்சு. போன் மலியட்டும்ணே, மலிஞ்சா காட்டுல நின்னுக்கிட்டே எனக்குக் கூப்பிடுவாங்கன்னிச்சு. இன்னொரு லைன் வாங்கி, ஒரு பொண்ணைக் கூட வச்சுக்கிட்டு, அலங்காநல்லூர்லேர்ந்து சோழவந்தான் வரைக்கும் வெவசாயம் பண்ற சம்சாரிகளுக்கு வெல சொல்றதே தொழில்னு திட்டம் போட்டிருக்கு. ஆளுக்கு மாசம் பதினஞ்சு ரூவா. இப்பவே நூத்து நாப்பது பேரு தர்றேன்னு சொல்லியிருக்காங்க. பேப்பர்ல நான் எதைப் படிச்சாலும் அதுல ஒரு கெட்ட சேதி இருக்கும்ணே. இதுல என்ன ஓட்டைன்னு நானும் ஒரு மாசமாத் தேடுறேன். கெடைக்கல.”

“எம்பொண்ணு அதை எங்கிட்ட ஏன் சொல்லல?”

“சொல்லணும்னுதான் இருந்துச்சு. அதுக்குள்ள நீங்கதான் பெட்டி வாங்கிட்டீங்களே.”

மருதுவுக்கு அந்தப் பெட்டி ஞாபகம் வந்தது. வீட்டில் சுந்தரம்மாள் அதன் மேல் ஒரு பழைய சேலையைப் போர்த்தி வைத்திருந்தாள், தூசி படக்கூடாது என்று. சரண்யா அதைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. அன்றைக்கு அதை அவர் கூச்சம் என்று நினைத்துக்கொண்டார்.

சரண்யா ஆட்டோவில் வந்து இறங்கியபோது மணி ஒன்று. கையில் சான்றிதழ் இருந்தது. “வேலைக்குத் தகுதின்னு எழுதிட்டாங்கப்பா,” என்று சொல்லிக் காட்டினாள். சிரித்த முகமாகத்தான் காட்டினாள். நாலு நாளாக அவர் பார்த்துச் சந்தோஷப்பட்ட அதே முகம்.

“உக்காரு தாயி,” என்றார் மருது. ஸ்டூலை அவளுக்கு விட்டுவிட்டு, ராஜகுரு போட்டு வைத்திருந்த நாற்காலியை எதிரில் இழுத்துப் போட்டுக்கொண்டார். தோளிலிருந்த துண்டை எடுத்தார். “கையைக் குடு.”

“என்னப்பா இது, வெளையாட்டு?”

“குடு சொல்றேன்.”

அவள் சின்னப் பிள்ளையாக இருந்தபோது இது இருவருக்கும் விளையாட்டுதான். சந்தை முடிந்து வந்தால் துண்டுக்குள் கையை விட்டு, எத்தனை மிட்டாய் என்று பேரம் பேசுவாள். ஐந்தில் ஆரம்பிப்பாள், இரண்டில் முடிப்பார். கடைசியாக அவள் இந்தத் துண்டுக்குள் கை வைத்தது ஆறு வயதில், இரும்பு ஷூ மாட்டப் பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போன அன்று. ‘போவோமா’ என்று அவர் கேட்டதற்கு ஐந்து விரலையும் மடக்கிக்கொண்டாள். மரியாதை தெரிந்த தரகன் அத்தோடு விட்டிருக்க வேண்டும். அவர் தூக்கிக்கொண்டு போனார். அது நல்லதற்குத்தான். ஆனாலும் அதற்குப் பிறகு அவள் துண்டுக்குள் கையை விடவே இல்லை.

இப்போது கொடுத்தாள். மருது துண்டைப் போட்டு மூடினார். காலையில் எழுதிய சாக்பீஸ் இன்னும் அவள் விரல் இடுக்கில் நறநறவென்று இருந்தது.

“வருசத்துல,” என்றார். “தருமபுரி. எத்தனை வருசம் இருப்பே? விரலைக் காட்டு. வாயால சொல்லக்கூடாது.”

சரண்யா அவர் முகத்தைப் பார்த்தாள். பிறகு பலகையைப் பார்த்தாள். சிம்மக்கல் பஸ் எல்லாம் சேர்ந்து ஹாரன் அடித்தது. துண்டுக்குள் அவளுடைய விரல்கள், ஒவ்வொன்றாக, மடங்கின.

எத்தனையோ சம்சாரிகள் கடனுக்காக மாட்டைப் பிடித்துக்கொண்டு வந்து நின்று, வாயால் விலை சொல்லிக்கொண்டே விரலை இப்படி மடக்கியதை அவர் தொட்டுப் பார்த்திருக்கிறார். அவர்களையெல்லாம் வீட்டுக்கு அனுப்பி வைத்தவர் அவர். பெற்ற பிள்ளை விஷயத்தில் மட்டும் எப்படிக் கோட்டை விட்டேன் என்று தன்னையே நொந்துகொண்டார்.

“சொல்லியிருக்கலாமே, ஆத்தா.”

“எப்படிப்பா சொல்றது? தாலுகா ஆபீஸுன்னதும் நீங்க அழுதீங்க. நான் அழுததை யாரும் பாக்கல, அம்புட்டுதான். தாத்தா நின்ன வாசல் எனக்கும் தெரியும்ப்பா. அதான் சரின்னு சொன்னேன்.”

அந்த வாசல், அந்த வெயில், அந்த மின்விசிறி எல்லாம் ஒரு முறை மருதுவின் கண் முன்னால் வந்து நின்றன. விட்டுக்கொடுப்பது லேசாக இல்லை. இந்த உத்தரவு போனால் போனதுதான். அடுத்தது வருமா, வராதா, யார் கண்டது?

“இது ஓடலேன்னா?” என்றார்.

“ஓடலேன்னா மறுபடியும் பரீட்சை எழுதுவேன். எனக்கு இன்னும் வயசு இருக்கு. ஆனா ஓடும்ப்பா. போன் அடிக்கிறதைக் கேட்டீங்கல்ல?”

“கேட்டேன், கேட்டேன். காது வலிக்கக் கேட்டேன்.”

“ஊரு பூராச் சொல்லிட்டீங்க. துண்டை உதறிட்டீங்களேப்பா.”

“உங்கையைப் பாக்காம உதறுனது. அது செல்லாது,” என்றார் மருது. “எந்தச் சந்தையில வேணாலும் போய்க் கேட்டுப் பாரு. உங்கம்மாகிட்ட நானே பேசிக்கிறேன். அவ ரெண்டு நாளு எனக்குச் சோறு போடமாட்டா. பரவால்ல. இப்ப நீ சொல்லு. உன் தொழிலு. வருசத்துல. எம்புட்டு வேணும்?”

சரண்யாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. ஆனாலும் தரகர் மகள் இல்லையா? மூன்று கேட்டால் ஒன்றரையில் வந்து நிற்பார், ஒன்றரை கிடைத்தால் சமாளித்துவிடலாம் என்று ஒரு நொடியில் கணக்குப் போட்டு, துண்டுக்குள் அவருடைய மூன்று விரல்களைச் சேர்த்துப் பிடித்தாள். பிடித்துவிட்டு, அவர் குறைப்பதற்காகக் காத்திருந்தாள்.

மருது அவள் பிடியிலிருந்து விரல்களை மெதுவாக உருவிக்கொண்டார். அவள் முகம் வாடியது. அடுத்த நிமிஷம், தன் காய்த்துப்போன கையால் அவளுடைய கையை மொத்தமாகப் பிடித்தார். ஐந்து விரலும் சேர்த்து.

கேட்டதற்கு மேலே கொடுக்கிற தரகரை அந்த வட்டாரத்தில் இதுவரை ஒருத்தரும் பார்த்ததில்லை. மேலே துண்டு இருந்ததால், வாசலில் நின்ற ராஜகுருவும் பார்க்கவில்லை. சரண்யா மட்டும், “அப்பா,” என்றாள்.

போன் அடித்தது.

“போன் அடிக்குதுப்பா,” என்று மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். “பேரந்தான் படிஞ்சிருச்சே. கையை விடுங்க.”

மருது விடவில்லை. இடது கையை நீட்டி ரிசீவரை எடுத்தார்.

“சிம்மக்கல் வெலப் பலகைங்க!” என்றார், எதிர்ச்சாரிக் கடைக்காரர்கள் எல்லாம் திரும்பிப் பார்க்கிற மாதிரி. “அவ அப்பன்தான் பேசுறேன். என்ன வெல வேணும், கேளுங்க.”